வழக்கு முடியும்வரை காத்திருக்கணுமா? குற்றத்தில் அடிபட்டவர்களுக்கு இழப்பீடு கிடைக்கும் வழிகள், ஓர் ஒப்பீடு

2024 செப்டம்பரில் ஒரு சாயங்காலம். என் அக்கா ஸ்கூட்டியில் வீடு திரும்பிக்கொண்டிருந்தபோது பைக்கில் வந்த இரண்டு பேர் அவளுடைய ஐந்து பவுன் தாலிச் சங்கிலியைப் பிடித்து இழுத்தார்கள். பாதி சங்கிலி அவர்களோடு போனது, பாதி அக்கா கைப்பிடியில் நின்றது. அக்கா தார் ரோட்டில் கிடந்தாள். வலது முழங்கை மூட்டு நொறுங்கி, பிளேட் வைத்துத் தைக்க வேண்டியதாயிற்று. அவள் ஜாக்கெட் தைத்துச் சம்பாதிப்பவள். வலது கை இல்லையென்றால் மெஷின் இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமா சொன்னது இதுதான்: "எவன்னே தெரியாது. புடிச்சாத்தானே கேசு, கேசு முடிஞ்சாத்தானே பணம். விடு, கையாவது சரியாகட்டும்."

நானும் அப்போது அப்படித்தான் நினைத்தேன். அது தப்பு என்று தெரிந்துகொள்ள ஒன்றரை மாதம் ஆனது. குற்றவாளி பிடிபட வேண்டியதில்லை, தண்டனை கிடைக்க வேண்டியதில்லை, வழக்கு தொடங்கியிருக்கக்கூட வேண்டியதில்லை. அரசு தரும் இழப்பீடு இவற்றுக்காகக் காத்திருப்பதில்லை. ஆனால் இழப்பீட்டுக்கு ஒரே ஒரு வழிதான் உண்டு என்றும் இல்லை. நாலைந்து வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு அலுவலகத்தில், ஒவ்வொரு வேகத்தில் போகும். யாருக்கு எது, எதை முதலில் என்பதுதான் இந்தக் கட்டுரை. அக்கா விஷயத்தில் அலைந்து தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். நான் வக்கீல் அல்ல.

மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு

பெரும்பாலானோருக்கு முதல் வழி இதுதான் என்பது என் முடிவு. அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. 2009 கடைசியில் நடைமுறைக்கு வந்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 396-வது பிரிவு இருக்கிறது. சாரம் ஒன்றுதான்: குற்றத்தால் பாதிக்கப்பட்டு மறுவாழ்வு தேவைப்படுகிறவருக்கு மாநில அரசு தன் நிதியிலிருந்து இழப்பீடு தர வேண்டும். எவ்வளவு என்று முடிவு செய்வது மாவட்ட அல்லது மாநில சட்டப்பணிகள் ஆணைக்குழு. தமிழ்நாட்டில் இதற்கான பொதுத் திட்டம் 2013-ல் வந்தது. ஆண், பெண் யாரும் அதில் கேட்கலாம்.

எங்களுக்கு உயிர் கொடுத்தது அந்தப் பிரிவில் உள்ள ஒரு வரி. குற்றவாளி யாரென்று தெரியாமல், விசாரணையே நடக்காமல் இருந்தாலும், பாதிக்கப்பட்டவர் யாரென்று தெரிந்தால் அவரே நேராக ஆணைக்குழுவுக்கு மனுப் போடலாம். மனு வந்த இரண்டு மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். வழக்கு விடுதலையில் முடிந்தாலும்கூட, பாதிக்கப்பட்டவருக்கு மறுவாழ்வு தேவை என்று நீதிமன்றம் கருதினால் இழப்பீட்டுக்குப் பரிந்துரைக்கலாம். அடித்தவன் தப்பித்தாலும் அடிபட்டவரின் காயம் காயம்தானே.

பெண்களுக்கு இன்னொரு கூடுதல் வசதி உண்டு. தேசிய சட்டப்பணிகள் ஆணையம் 2018-ல் பெண்களுக்கென்று தனியாக ஒரு இழப்பீட்டுத் திட்டம் தயாரித்தது. உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டு அந்த வருடம் அக்டோபர் 2 முதல் அதை நடைமுறைப்படுத்தச் சொன்னது. அதில் ஒரு அட்டவணை இருக்கிறது. உயிரிழப்புக்கு 5 முதல் 10 லட்சம். பாலியல் வன்கொடுமைக்கு 4 முதல் 7 லட்சம், கூட்டு வன்கொடுமைக்கு 5 முதல் 10 லட்சம். அமில வீச்சில் முகம் சிதைந்தால் 7 முதல் 8 லட்சம். நிரந்தர ஊனம் 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 2 முதல் 5 லட்சம், 20 முதல் 40 சதவீதம் என்றால் 1 முதல் 3 லட்சம். மறுவாழ்வு தேவைப்படும் கொடுங்காயத்துக்கு 1 முதல் 2 லட்சம். பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் கீழே என்றால் இந்த வரம்புகள் பாதியளவு கூடும்.

இடைக்கால உதவியும் உண்டு. இது அதிகபட்சத் தொகையில் 25 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அமில வீச்சு என்றால் முதல் 1 லட்சத்தை 15 நாளில் கொடுக்க வேண்டும் என்று 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனுவோடு சேர்த்தே இடைக்கால உதவியையும் கேட்டுவிடுங்கள், தனியாகக் கேட்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள்.

மனுவோடு வேண்டியவை அதிகம் இல்லை: முதல் தகவல் அறிக்கையின் (எஃப்.ஐ.ஆர்.) நகல், மருத்துவ அறிக்கை, இறப்பு என்றால் இறப்புச் சான்று, வழக்கு முடிந்திருந்தால் தீர்ப்பு நகல். இறந்தவரின் குடும்பம் மனுப் போடும்போது வாரிசுச் சான்றிதழும் கேட்பார்கள். மனுவுக்குக் கட்டணம் கிடையாது. ஆணைக்குழு அலுவலகம் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். மாவட்ட முதன்மை நீதிபதி தலைவர், சார்பு நீதிபதி ஒருவர் செயலாளர். நேரில் போக முடியாதவர்கள் 15100 என்ற எண்ணில் கேட்கலாம். சம்பவம் நடந்த அல்லது வழக்கு முடிந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் மனுப் போட வேண்டும்.

குறைகள்? இருக்கின்றன. முதலாவது, காகிதத்தில் 60 நாள் என்று இருப்பது நடைமுறையில் அப்படி இல்லை. அக்காவுக்கு இடைக்கால உதவி 50,000 ரூபாய் ஏழு வாரத்தில் வந்துவிட்டது. இறுதி ஆணை வர மேலும் ஏழு மாதம். இரண்டாவது, பறிபோன பொருளுக்கு இதில் பணம் கிடையாது. சங்கிலியின் மதிப்பை மனுவில் எழுதிப் பார்த்தேன், செயலாளர் சிரிக்காமல் அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டார். உடம்புக்கும் மனசுக்கும் வந்த சேதத்துக்கு மட்டும்தான்.

மூன்றாவது குறையைப் பலரும் கடைசியில்தான் தெரிந்துகொள்கிறார்கள். 2018 திட்டத்தில் பணம் முழுவதும் உடனே கைக்கு வராது. 75 சதவீதம் வங்கியில் குறைந்தது மூன்று வருட வைப்புநிதியாகப் போய்விடும், 25 சதவீதம்தான் எடுக்க முடியும். சிறார் என்றால் 80 சதவீதம், அதுவும் மேஜர் ஆகும்வரை. அவசர மருத்துவச் செலவு, படிப்பு என்றால் விலக்குக் கேட்கலாம். வட்டி மாதாமாதம் சேமிப்புக் கணக்குக்கு வரும். 2 லட்சம் வருகிறது, கடனை அடைத்துவிடலாம் என்று கந்துவட்டிக்காரரிடம் தேதி சொல்லிவிடாதீர்கள். மாமா சொல்லிவிட்டு மாட்டிக்கொண்டார்.

காகிதம் சரியில்லையென்றால் எந்த வழியும் வழி அல்ல

எங்களுக்கு ஒன்றரை மாதம் வீணானதற்குக் காரணம் சட்டம் அல்ல, இரண்டு தாள்கள்.

விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குத்தான் அக்காவை முதலில் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே சேர்க்கைச் சீட்டில் "வண்டியிலிருந்து தவறி விழுந்தார்" என்று எழுதிவிட்டார்கள். பறிப்பு என்ற வார்த்தையே இல்லை. போலீஸ் வழக்கு என்றால் வம்பு என்று நினைத்தார்களோ, அவசரத்தில் அப்படி வந்ததோ தெரியாது. பிறகு அரசு மருத்துவமனையில் ஏ.ஆர். எனும் விபத்துப் பதிவேட்டில் பதிவு போட்டபோது இரண்டு கதையும் பொருந்தவில்லை. முதலில் பார்த்த டாக்டரிடம் விளக்கக் கடிதம் வாங்கத்தான் அத்தனை நாள்.

இன்னொரு தாள் சி.எஸ்.ஆர். ரசீது. ஸ்டேஷனில் புகார் வாங்கியதும் ஒரு ரசீது கொடுத்தார்கள். அதுதான் எஃப்.ஐ.ஆர். என்று நினைத்து மாமா பத்திரமாக லாமினேட் செய்து வைத்திருந்தார். அது புகார் பெற்றுக்கொண்டதற்கான ரசீது மட்டும். வழக்குப் பதிவானால்தான் குற்ற எண் வரும், அந்த எண் இல்லாமல் எந்த இழப்பீட்டு அலுவலகமும் மனுவைத் தொடாது. எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும், தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலும் எடுக்கலாம். ஸ்டேஷனில் பதிவு செய்ய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள், அதற்கும் அசையவில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

காயச் சான்றில் சாதாரண காயமா கொடுங்காயமா என்று ஒரு வார்த்தை இருக்கும். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் ஆயிரமா லட்சமா என்பதே முடிவாகும். டிஸ்சார்ஜ் ஆகும்போதே பார்த்துவிடுங்கள்.

குற்றவாளியிடமிருந்து நீதிமன்றம் வாங்கித் தருவது

வழக்கு நடந்து, தண்டனை கிடைக்கும்போது, அபராதத்திலிருந்தோ தனியாகவோ பாதிக்கப்பட்டவருக்கு ஒரு தொகை கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். முன்பு 357, இப்போது 395-வது பிரிவு. அபராதத்திலிருந்து அல்லாமல் தனியாகத் தரும் தொகைக்கு மேல்வரம்பு இல்லை. இழப்பீடு பற்றி ஒவ்வொரு குற்ற வழக்கிலும் நீதிமன்றம் யோசித்தே ஆக வேண்டும், கொடுக்காவிட்டால் ஏன் என்று எழுத வேண்டும் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மூன்று விஷயங்கள் நடக்க வேண்டும்: ஆள் பிடிபட வேண்டும், தண்டனை கிடைக்க வேண்டும், அவனிடம் பணம் இருக்க வேண்டும். சங்கிலி பறிக்கிறவனிடம் கடைசியாகச் சொன்னது இருந்திருந்தால் அவன் ஏன் பறிக்கப்போகிறான். மேல்முறையீடு செய்தால் அது முடியும்வரை அபராதத்திலிருந்து தர வேண்டிய தொகையும் நிற்கும்.

அதனால் இதை நம்பி முதல் வழியை விட வேண்டாம். அதே சமயம் இதைச் சும்மாவும் விட வேண்டாம், ஏனென்றால் ஒன்று இன்னொன்றைத் தடுக்காது. குற்றவாளி வசதியானவர், நிலத் தகராறில் பங்காளி வெட்டினார், பக்கத்து வீட்டுக்காரர் மண்டையை உடைத்தார் என்கிற மாதிரி வழக்குகளில் இது நல்ல தொகையாகவே வரக்கூடும். அரசு வழக்கறிஞரிடம் செலவுப் பட்டியலைக் கொடுத்து, தீர்ப்புக்கு முன்பே இழப்பீடு கேட்கச் சொல்லுங்கள். நீதிமன்றத்தின் அனுமதியோடு அவருக்குத் துணையாக நம் பக்கத்திலிருந்து ஒரு வக்கீலை வைத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடமுண்டு. அப்புறம், பலருக்குத் தெரியாத ஒன்று: இழப்பீடு போதவில்லை என்று பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாம்.

பறிபோன பொருளுக்கும் இங்கேதான் வழி. 2025 பிப்ரவரியில் அந்த இரண்டு பேரில் ஒருவன் பிடிபட்டான். சங்கிலி உருக்கப்பட்டு ஒரு சின்னக் கட்டியாகக் கிடைத்தது. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனுப் போட்டு இடைக்காலமாக அதைத் திரும்ப வாங்கினோம். விற்க முடியாது, கேட்கும்போது கொண்டு வந்து காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு.

"ராஜியாப் போயிடலாம்ங்க"

எந்தச் சட்டப் புத்தகமும் இதை ஒரு வழியாகச் சொல்லாது. ஆனால் ஊரில் முதலில் வருகிற வழி இதுதான், அதனால் ஒப்பீட்டில் இது இல்லாமல் எழுதுவது பாசாங்கு.

பிடிபட்டவனுடைய அம்மா ஒரு நாள் காலையில் வந்தார். கூட எங்கள் தெருவுக்குத் தெரிந்த ஒருவர். 60,000 ரூபாய் தருகிறோம், பையனை அடையாளம் தெரியவில்லை என்று சொல்லிவிட்டால் போதும் என்றார்கள். அந்த அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். பணம் வட்டிக்கு வாங்கியது என்று பார்த்தாலே தெரிந்தது. அவர் போன பிறகு அக்கா ரொம்ப நேரம் பேசவில்லை. "அந்தம்மா கையப் பாத்தியாடா, என் கைய விட மோசமா இருக்கு" என்றாள்.

நான் அப்போது கணக்குப் போட்டேன். 60,000 உடனே, கையில், ரொக்கமாக. ஆணைக்குழுவின் இறுதித் தொகை எப்போது வரும் என்று அன்றைக்குத் தெரியாது. பணத்தை மட்டும் பார்த்தால் ராஜிதான் லாபம் மாதிரித் தெரியும். ஆனால் அது அப்படி இல்லை.

எல்லாக் குற்றத்தையும் சமாதானம் செய்துகொள்ள முடியாது. சாதாரண காயம் என்றால் பாதிக்கப்பட்டவரே சமரசம் செய்துகொள்ளலாம், தன்னிச்சையாக ஏற்படுத்திய கொடுங்காயம் என்றால் நீதிமன்ற அனுமதியோடு முடிக்கலாம். ஆனால் கொள்ளை, கொலை முயற்சி, பயங்கர ஆயுதத்தால் வந்த கொடுங்காயம் இதெல்லாம் அந்தப் பட்டியலிலேயே இல்லை. கொலை, பாலியல் வன்கொடுமை போன்ற கொடிய குற்றங்களைச் சமரசம் என்று சொல்லி உயர் நீதிமன்றமும் ரத்து செய்யக் கூடாது என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. போக்சோ (சிறார் மீதான பாலியல் குற்றச் சட்டம்) வழக்கிலும் சமரசம் செல்லாது என்று 2024 நவம்பரில் ஒரு தீர்ப்பு வந்திருக்கிறது. எங்கள் வழக்கு கொள்ளைப் பிரிவில் இருந்தது. அதாவது ராஜி என்று அவர்கள் சொன்னது உண்மையில் ராஜியே அல்ல. கூண்டில் ஏறிப் பொய் சொல்லச் சொன்னார்கள், அதற்கு 60,000. பிறழ் சாட்சி ஆனால் நீதிமன்றம் கேட்கும், போலீஸ் கேட்கும், ஆணைக்குழுவில் நிலுவையில் இருக்கிற மனுவில் நாம் எழுதியதும் அங்கேயே இருக்கும். புகாரே பொய் என்று நீதிமன்றம் முடிவு செய்தால் வாங்கிய இழப்பீட்டையும் திருப்பிக் கட்டச் சொல்லலாம்.

அதனால் ராஜியே கூடாது என்று சொல்லமாட்டேன். தெருச் சண்டை, சாதாரண காயம், நாளைக்கும் முகத்தில் விழிக்க வேண்டிய சொந்தக்காரர்கள் என்றால் அது நியாயமான முடிவாகவே இருக்கலாம். அப்படியென்றால் அதை ஸ்டேஷன் வாசலிலோ டீக்கடையிலோ வைத்துக்கொள்ளாதீர்கள். லோக் அதாலத்திலோ நீதிமன்றத்திலோ எழுத்தில் பதிவு செய்யுங்கள், பணம் வங்கி வழியாக வரட்டும். வெள்ளைத் தாளில் கையெழுத்து மட்டும் வேண்டவே வேண்டாம்.

அக்கா அந்தப் பணத்தை வாங்கவில்லை. நான் சொன்ன காரணங்களுக்காக இல்லை என்று நினைக்கிறேன்.

பட்டியல் சாதி, பழங்குடியினர் என்றால் கணக்கே வேறு

பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியோ பழங்குடியோ, தாக்கியவர் அந்தப் பிரிவுகளைச் சேராதவர் என்றால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிற நிவாரணம் பொதுவாக ஆணைக்குழு தருவதை விட வேகமானது, பெரியது. இதற்கு ஆணைக்குழுவுக்குப் போக வேண்டாம். மாவட்ட ஆட்சியர், நடைமுறையில் மாவட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலகம். சம்பவம் நடந்த ஏழு நாளுக்குள் நிவாரணம் தர வேண்டும் என்று 1995 விதிகள் சொல்கின்றன. தொகை குற்றத்தைப் பொறுத்து மாறும். மத்திய விதிகளில் 85,000 முதல் 8.25 லட்சம் வரை இருந்ததை, தமிழ்நாடு அரசு 2021-ல் 1 லட்சம் முதல் 12 லட்சம் வரை உயர்த்தியது.

தவணை முறையைப் புரிந்துகொள்வது முக்கியம். பல குற்றங்களுக்கு எஃப்.ஐ.ஆர். பதிவானதும் 25 சதவீதம், குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும் 50, தண்டனை கிடைத்ததும் மீதி 25. கொலை என்றால் பிரேதப் பரிசோதனை முடிந்ததும் பாதி, குற்றப்பத்திரிகையோடு மீதிப் பாதி. அதாவது தீர்ப்புக்கு முன்பே பெரும்பகுதி வந்துவிட வேண்டும். கொலை வழக்கில் பணம் மட்டும் அல்ல, குடும்பத்துக்கு மாத ஓய்வூதியம், ஒருவருக்கு வேலை, பிள்ளைகளின் பட்டப்படிப்பு வரை செலவு என்று விதிகளில் இருக்கிறது. இவற்றைக் கேட்காமல் விட்ட குடும்பங்கள் நிறைய. இந்த நிவாரணம் வேறு சட்டங்களில் உள்ள இழப்பீட்டு உரிமைக்கு மேலதிகமானது என்றும் விதியே சொல்கிறது.

எல்லாம் எஃப்.ஐ.ஆரில் வன்கொடுமைச் சட்டப் பிரிவு இருப்பதில்தான் நிற்கிறது. பதிவு செய்யும்போது அது விட்டுப்போயிருந்தால், வழக்குப் பிரிவை மாற்றி ஆல்டரேஷன் ரிப்போர்ட் அனுப்பச் சொல்லி டி.எஸ்.பி.யிடம் எழுத்தில் கேளுங்கள். சாதிச் சான்றிதழை முதல் நாளே எடுத்து வையுங்கள்.

குழந்தைகள்

போக்சோ வழக்கு என்றால் சிறப்பு நீதிமன்றமே இடைக்கால இழப்பீடு கொடுக்கலாம். தனியாக மனுப் போடலாம், நீதிமன்றம் தானாகவும் கொடுக்கலாம், குற்றவாளி பிடிபடாமல் இருந்தாலும் கொடுக்கலாம். உத்தரவு வந்த 30 நாளுக்குள் அரசு கட்ட வேண்டும் என்று 2020 விதிகள் சொல்கின்றன. சாப்பாடு, துணி, போக்குவரத்து மாதிரி உடனடித் தேவைக்குக் குழந்தைகள் நலக் குழு பரிந்துரைத்தால் ஒரு வாரத்தில் பணம் வர வேண்டும். இங்கே ஆணைக்குழுவா நீதிமன்றமா என்று யோசிக்கவே வேண்டாம், சிறப்பு நீதிமன்றம்தான் முதலில். அங்கேயே இலவச வக்கீலையும் கேட்கலாம்.

வண்டி சம்பந்தப்பட்டிருந்தால்

மோதிவிட்டு ஓடிப்போன வண்டி என்றால் வேறு ஒரு தனித் திட்டம் இருக்கிறது. 2022 ஏப்ரல் முதல் உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. மனு தாசில்தார் அல்லது கோட்டாட்சியர் நிலையில் உள்ள விசாரணை அலுவலரிடம் போகும், ஆட்சியர் அனுமதிப்பார். வண்டி எது என்று தெரிந்துவிட்டால் இதைப் பார்க்கவே வேண்டாம், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம்தான். வருமானம், வயது, ஊனத்தின் அளவு எல்லாம் வைத்துக் கணக்கிடுவதால் மற்ற எந்த வழியை விடவும் தொகை பெரிதாக இருக்கும், கொடுப்பதும் காப்பீட்டு நிறுவனம்.

குற்றமா விபத்தா என்ற கோடு சில சமயம் மங்கலாக இருக்கும். ஆட்டோவைத் திருடுவதற்காக அதன் டிரைவரைக் கொன்ற வழக்கு ஒன்றில், அதுவும் வாகன விபத்து இழப்பீட்டுக்குள் வரும் என்று 2000-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அக்கா விஷயத்திலும் ஒரு வக்கீல் இந்த வழியைச் சொன்னார். ஆனால் பைக் நம்பர் தெரியாமல், காப்பீடு எங்கே என்று தெரியாமல், அதில் இறங்க மனசு வரவில்லை.

சிவில் வழக்கு, உயர் நீதிமன்றம்

நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்கும் போடலாம். கேட்கும் தொகைக்கேற்ப நீதிமன்றக் கட்டணம், பல வருடம், ஜெயித்த பிறகு பணத்தை வசூலிக்கத் தனியாக நிறைவேற்று மனு. எதிராளிக்குச் சொத்து இருக்கிறது, உங்களுக்குப் பொறுமை இருக்கிறது என்றால் மட்டும். உயிரிழப்புக்காக 1855-ம் ஆண்டின் பழைய சட்டத்தில் வழக்குப் போடுவதென்றால் இரண்டு வருடக் கெடு.

அடித்தது போலீஸ், அரசு ஊழியர் என்றால் மட்டும் கதை வேறு. காவல் மரணத்துக்கு அரசே இழப்பீடு தர வேண்டும் என்று 1993-ல் உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது, அதற்கு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதலாம், ஒரு வருடத்துக்குள்.

எங்கள் கணக்கு

முதலிலிருந்து தொடங்கச் சொன்னால் இந்த வரிசையில் போவேன். முதல் நாள் அரசு மருத்துவமனையில் ஏ.ஆர். பதிவு, நடந்ததை நடந்தபடி எழுத வைப்பது. அறுவைக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, அங்கேயே பெரும் செலவு குறையும். அந்த வாரத்துக்குள் எஃப்.ஐ.ஆர். நகல். அதற்கு மறுநாளே ஆணைக்குழுவில் மனு, இடைக்கால உதவியும் சேர்த்து. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மனு எழுதித் தரக்கூட அங்கே ஆள் இருக்கிறார்கள், வெளியே 3,000 கேட்கும் டைப்பிஸ்ட்டிடம் போக வேண்டாம். ஏற்கெனவே வேறு எங்காவது பணம் வந்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

ஊனச் சான்றுக்கு மட்டும் அவசரப்படக் கூடாது. அது நாங்கள் தற்செயலாகச் சரியாகச் செய்த ஒன்று. பிளேட் வைத்து ஆறு மாதம் கழித்துத்தான் கை எவ்வளவு மடங்கும் என்று தெரிந்தது, மருத்துவக் குழு 25 சதவீதம் என்று எழுதியது. அதற்கு முன்பே இறுதி ஆணை வந்திருந்தால் கொடுங்காயம் என்ற படியில் 2 லட்சத்துக்கு மேல் போயிருக்காது. 25 சதவீதம் வந்ததால் 3 லட்சம் வரை உள்ள படிக்கு மாறியது. கடைசியில் இரண்டேகால் லட்சம் போட்டார்கள், கொடுத்த 50,000-ஐக் கழித்துக்கொண்டு. மீதியில் முக்கால்வாசி வைப்புநிதிக்குப் போய்விட்டது. மெஷினுக்கு மோட்டார் வைத்து, கால் மிதி வேலையையும் கை வேலையையும் குறைத்துக்கொண்டாள். ஜாக்கெட் இல்லை, இப்போது ஃபால்ஸ் அடிப்பதும் பாவாடை தைப்பதும் மட்டும்.

வழக்கு இன்னும் முடியவில்லை. போன வாரம் சாட்சி சம்மன் வந்தது. கட்டித் தங்கத்தையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள்.